காரில் ஒரு நாடு, கடைத்தெருவில் ஒரு நாடு: அமெரிக்க, பிரிட்டிஷ் அவசரச் சாப்பாடு எங்கே பிரிந்தது?

1975 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சியெரா விஸ்டா என்ற ஊரிலிருந்த மெக்டொனால்ட்ஸ் கடை தன் பக்கவாட்டுச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தது. அடுத்தாற்போல் ஃபோர்ட் வாச்சூகா ராணுவ முகாம். பயிற்சி உடையில் வெளியே வரும் சிப்பாய்கள் காரைவிட்டு இறங்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. இறங்க முடியாதவரிடம் வியாபாரம் செய்ய வேண்டுமானால் சாப்பாட்டை அவர் கைக்கே நீட்ட வேண்டியதுதான். மெக்டொனால்ட்ஸின் முதல் டிரைவ்-த்ரூ இப்படித்தான் வந்தது. இன்றைக்கு அந்த நிறுவனத்தின் அமெரிக்க விற்பனையில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த ஜன்னல் வழியாகவே நடக்கிறது.

பிரிட்டனில் இதே நிறுவனம் தன் முதல் டிரைவ்-த்ரூவைத் திறந்தது 1986-ல், மான்செஸ்டரின் ஃபாலோஃபீல்ட் பகுதியில். அதற்குள் மெக்டொனால்ட்ஸ் அந்த நாட்டுக்குள் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இரு நாட்டுக்கும் மொழி ஒன்று, பாதிக் கடைகளின் பெயர்ப்பலகையும் ஒன்று. அப்படியிருந்தும் அந்த ஜன்னலுக்கு அங்கே இத்தனை காலம் அவசரம் வரவில்லை.

இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக நாக்கையும் குணத்தையும்தான் இழுப்பார்கள். அமெரிக்கருக்கு எல்லாம் பெரிதாக வேண்டும், பிரிட்டிஷ்காரருக்கு ருசியே தெரியாது என்பார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. ஒரு நாட்டில் மக்கள் வேலைக்கு எப்படிப் போய்வருகிறார்கள், தெருமுனைக் கடையை நடத்துவது யார், அரசு எதற்கு வரி போடுகிறது, எதற்கு விலக்குத் தருகிறது என்பவைதான் பெரும்பாலும் அவசரச் சாப்பாட்டைத் தீர்மானிக்கின்றன. நாக்கு பின்னால் வந்து பழகிக்கொள்கிறது.

அமெரிக்கக் கதை 1921-ல், கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் தொடங்குகிறது. வால்டர் ஆண்டர்சன், பில்லி இங்ராம் என்ற இருவர் ஒயிட் காசில் என்ற கடையைத் திறந்து ஐந்து சென்டுக்கு ஒரு சிறு ஹாம்பர்கர் விற்றார்கள். அரைத்த இறைச்சி என்றாலே மக்கள் முகம் சுளித்த காலம் அது. இறைச்சி ஆலைகளின் அசுத்தம் அம்பலமாகி 1906-ல் நாடாளுமன்றம் ஆய்வுச் சட்டமே கொண்டுவந்திருந்தது. அதனால்தான் கடையை வெள்ளை வெளேரென்று கட்டி, வாடிக்கையாளரின் கண்ணெதிரே சமைத்தார்கள். சுத்தம், எங்கே போனாலும் ஒரே ருசி, மலிவு விலை என்று அன்று அவர்கள் போட்ட கணக்கு இன்றும் மாறவில்லை.

அதைத் தொழிற்சாலை வேகத்துக்குக் கொண்டுபோனவர்கள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் கடை வைத்திருந்த மெக்டொனால்ட் சகோதரர்கள். காரருகே வந்து பரிமாறும் பெண்களை வைத்து நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த கடை அது. 1948-ல் அதை மூடினார்கள். பரிமாறுபவர்களை நிறுத்தினார்கள், தட்டையும் முள்கரண்டியையும் ஒழித்தார்கள், உணவுப் பட்டியலைச் சுருக்கினார்கள். புதுச் சமையலறையின் வரைபடத்தை ஒரு டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, ஆட்களை அதன்மேல் நடக்கவிட்டு, யார் எத்தனை அடி எடுத்துவைக்கிறார் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். மறுபடி திறந்தபோது பர்கர் பதினைந்து சென்ட். அதே வருடம், அதே மாநிலத்தில் இன்-என்-அவுட் என்ற கடை, காரில் இருந்தபடியே ஒலிபெருக்கியில் ஆர்டர் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது.

1955-ல், மெக்டொனால்ட் சகோதரர்களிடம் கிளை உரிமம் பெற்ற ரே க்ராக் இல்லினாய் மாநிலத்தின் டெஸ் ப்ளெய்ன்ஸில் தன் முதல் மெக்டொனால்ட்ஸ் கிளையைத் திறந்தார். 1956-ல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. திட்டமிட்ட நீளம் 41,000 மைல். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வீடு புறநகரில், வேலை வேறெங்கோ, நடுவே நாற்பது நிமிடம் கார். நடந்துபோகும் தூரத்தில் கடைத்தெருவே இல்லாத குடியிருப்புகள் நாடெங்கும் முளைத்தன. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒவ்வொரு வழியிலும் உயரமான கம்பத்தில் ஒரு பெயர்ப்பலகை நின்றது. ஓட்டுபவரின் ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கிறது. சாப்பாடு மற்றொரு கைக்கு அடங்க வேண்டும். பர்கர், நகெட்ஸ், டாக்கோ, உறிஞ்சுகுழல் செருகிய மூடிபோட்ட கோப்பை எல்லாமே அந்த ஒற்றைக் கைக்கானவை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2013 முதல் 2016 வரை திரட்டிய தகவல்படி, எந்த ஒரு நாளை எடுத்தாலும் பெரியவர்களில் 36.6 சதவீதம் பேர் துரித உணவு சாப்பிட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல். இத்தனை பேரைச் சோம்பேறி, பேராசைக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? அவர்கள் ஊர் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

பிரிட்டனின் துரித உணவு இதைவிட ஐம்பது, அறுபது வருடம் மூத்தது. பொரித்த மீனை அந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்ட யூதர்கள். அதோடு சிப்ஸ் எனப்படும், விரல் பருமனில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கைச் சேர்த்து முதலில் விற்றது லண்டனில் ஜோசப் மாலினா, லங்காஷயரின் மோஸ்லியில் ஜான் லீஸா என்று இன்றும் சண்டை நடக்கிறது. இரண்டுமே 1860-களில் நடந்த சங்கதி. அப்போது ரயில் வந்திருந்தது, அதையொட்டி ஐஸும் பின்னால் நீராவி மீன்பிடிப் படகுகளும் வந்தன. வட கடலில் பிடித்த மீன் கெடாமல் உள்நாட்டு ஆலை நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கணவனும் மனைவியும் பஞ்சாலையில் வேலை பார்த்தார்கள். வீட்டில் அடுப்பு மூட்ட நேரமில்லை, பல வீடுகளில் சரியான அடுப்பே இல்லை. ஆலையிலிருந்து வீட்டுக்கு நடந்துபோகும் வழியில், ஒரு தெருவுக்கு ஒன்று என்ற கணக்கில் சிப்ஸ் கடைகள் வந்தன. 1910 வாக்கில் 25,000 கடைகள், 1930 வாக்கில் ஏறக்குறைய 35,000. இரண்டாம் உலகப் போரில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் ரேஷனுக்குப் போனபோதும் மீனும் சிப்ஸும் போகவில்லை. தொழிலாளி குடும்பத்தின் வயிற்றில் கைவைத்தால் போரே ஓடாது என்பது அன்றைய அரசுக்குத் தெரிந்திருந்தது.

வட இங்கிலாந்தில் ஒரு சிப்ஸ் கடைக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது கவுண்டரின் நீளத்துக்குப் பளபளக்கும் எவர்சில்வர் அடுப்புதான். அதில் மூன்று நான்கு எண்ணெய்க் கொப்பரைகள். கடைக்காரர் மீன் துண்டை வால்பக்கம் பிடித்து மாவில் தோய்க்கிறார். மாவு நம் பஜ்ஜி மாவைவிடச் சற்று நீர்க்க இருக்கும். மீனைத் தொப்பென்று போடமாட்டார். தன் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாக மெல்லச் சாய்த்து விடுவார், இல்லாவிட்டால் எண்ணெய் அவர் மேலேயே தெறிக்கும். பொரிந்த மீன் சூடான கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். சிப்ஸ் விரல் பருமனில், சற்று மெத்தென்று இருக்கும். ஒரு கரண்டி அள்ளிக் காகிதத்தில் கொட்டிவிட்டு, “உப்பும் வினிகரும் போடட்டுமா?” என்று கேட்பார். சரி என்றால் தாராளமாகத் தெளிப்பார். எண்ணெயில் உதிர்ந்த மொறுமொறு மாவுத் துணுக்குகளைக் கேட்டால் பல கடைகளில் சும்மாவே தருவார்கள். மேலே ஒரு சின்ன மர முள்கரண்டி. 1980-கள் வரை செய்தித்தாளில் சுற்றித் தந்தார்கள். அச்சு மை சாப்பாட்டில் படக் கூடாது என்று அப்புறம் வெறும் காகிதத்துக்கு மாறினார்கள்.

ஊருக்கு ஊர் இதில் பிடிவாதங்கள் உண்டு. யார்க்‌ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் ஹாடக் மீன், தெற்கே காட் மீன். எடின்பரோவில் வினிகருக்குப் பதிலாக ஒருவகைப் பழுப்பு சாஸ். வடக்கே மசித்த பட்டாணி, மசாலாக் குழம்பு போன்ற ‘கறி’ சாஸ், கிரேவி. ஒரே ருசியை நாடு முழுக்கப் பரப்பும் சங்கிலிக் கடை முறை இங்கே வேரூன்றாமல் போனதற்கு இதுவும் காரணம். இன்றும் ஏறக்குறைய 10,000 சிப்ஸ் கடைகள் இருக்கின்றன, பெரும்பாலும் குடும்பங்கள் நடத்துபவை. மெக்டொனால்ட்ஸுக்கு அங்கே 1,400 கடைகளுக்கு மேல் இருந்தாலும், எண்ணிக்கையில் சிப்ஸ் கடைகளின் பக்கத்தில்கூட வர முடியாது.

இதே பண்டத்தைச் சங்கிலிக் கடையாக்கிப் பார்த்த முயற்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. ஆர்தர் டிரீச்சர் என்ற ஆங்கிலேய நடிகரின் பெயரில் 1969-ல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தொடங்கிய மீன்-சிப்ஸ் நிறுவனம், பத்தே வருடத்தில் 800 கடைகளைத் தாண்டியது. ஐஸ்லாந்து காட் மீன்தான் அதன் பலம். பிரிட்டனும் ஐஸ்லாந்தும் மீன்பிடி எல்லைக்காக 1976 வரை மோதிக்கொண்டதில் அந்த மீனின் விலை எகிறியது. நிறுவனம் கைமாறியது, புது நிர்வாகம் மலிவு மீனுக்கு மாறியது, கிளை எடுத்தவர்கள் கொதித்தார்கள். இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கடைகள் மிச்சம். பிரிட்டனில் மீன் விலை ஏறியபோது தெருமுனைக் கடைக்காரர் வேறு மீனைப் போட்டு, விலையை ஒட்டி, எப்படியோ சமாளித்தார். 800 கடைக்கும் ஒரே மீன் என்று வாக்குக் கொடுத்தவருக்கு அந்த வழி இல்லை.

அமெரிக்க பர்கர் பிரிட்டனுக்குள் வந்த விதமும் சுவாரஸ்யமானது. பிரிட்டனில் இறைச்சி ரேஷன் முடிந்தது 1954 ஜூலையில். போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து. அதே வருடம் தேநீர்க்கடைகளுக்குப் பேர்போன லயன்ஸ் நிறுவனம், அமெரிக்காவிலிருந்து உரிமம் வாங்கி, லண்டன் கவென்ட்ரி தெருவில் வைத்திருந்த தன் பெரிய உணவகத்துக்குள்ளேயே விம்பி பார் என்ற பர்கர் கடையைத் திறந்தது. பர்கர் அமெரிக்காவுடையது, உபசாரம் முழுக்க பிரிட்டன். மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பார்கள். பீங்கான் தட்டில், கத்தி முள்கரண்டியோடு பரிமாறுவார்கள். பர்கரை ஒட்டி, ஓரத்தைக் கீறி வட்டமாக வளைத்த சாசேஜ் ஒன்றும் பட்டியலில் உண்டு. ரேஷன் கூப்பனில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, வெளியே போய் இறைச்சி சாப்பிடுவது கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிற காரியமல்ல. உட்கார்ந்து நிதானமாகச் செய்கிற காரியம். அதற்கு ஏற்றபடி பர்கர் மாறிக்கொண்டது.

1965-ல் பொரித்த கோழி விற்கும் கெண்டக்கி ஃப்ரைட் சிக்கன், அதாவது கேஎஃப்சி, வந்தது, லண்டனுக்கல்ல, வட இங்கிலாந்தின் பிரெஸ்டனுக்கு. 1974 நவம்பரில் மெக்டொனால்ட்ஸ் தென்கிழக்கு லண்டனின் வுலிச்சில் கடை திறந்தது. இரண்டும் தேர்ந்தெடுத்தது சாதாரண மக்கள் நடமாடும் கடைத்தெருவை. கார் நிறுத்த இடம் அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. பேருந்து நிறுத்தமும் கூட்டமும் போதும்.

பிரிட்டிஷ் அவசரச் சாப்பாட்டுக்கு இன்னொரு கடிகாரமும் உண்டு: பப் மூடும் நேரம். முதல் உலகப் போரில் ஆலைத் தொழிலாளர்கள் குடித்துக் கெட்டுவிடக் கூடாதென்று கொண்டுவந்த கட்டுப்பாடுகளின் நிழல், தளர்வுகளோடு 2005 வரை நீடித்தது. இரவு பதினொரு மணி வாக்கில் பப்கள் ஒரே நேரத்தில் மூடும். பசித்த கூட்டம் மொத்தமாகத் தெருவில் இறங்கும். அந்த நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருக்கத் தயாராக இருந்தவர்கள் குடியேறிகள்தான். வங்கதேசத்தின் சிலெட்டிலிருந்து வந்த வங்காளிகளின் ‘கறி’ எனப்படும் மசாலாக் குழம்பு உணவகங்கள், சைப்ரஸ்காரர்களும் துருக்கியரும் நடத்திய கபாப் கடைகள், சீனர்களின் பார்சல் கடைகள் எல்லாம் இந்தப் பதினொரு மணிக் கூட்டத்தை நம்பித் தழைத்தன. ஸ்காட்லாந்தின் சிப்ஸ் கடைகளை அதற்கு வெகு முன்பே இத்தாலியர் கையில் எடுத்திருந்தார்கள்.

இந்த வரிசையில் நம்மவர்களும் உண்டு. தென் லண்டனில் பள்ளிப் பிள்ளைகள் முதல் இரவுப் பணி முடிந்து வருபவர்கள் வரை எல்லோருக்கும் தெரிந்த பொரித்த கோழிக் கடை மோர்லிஸ். அதை 1985-ல் சிடனம் பகுதியில் தொடங்கியவர் இலங்கையிலிருந்து வந்த கண்ணலிங்கம் செல்வேந்திரன். லண்டனின் கோழிக் கடைகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் ஏதாவதோர் அமெரிக்க மாநிலம் இருக்கும், உள்ளே ஹலால் கோழி இருக்கும், கவுண்டருக்குப் பின்னால் தமிழோ உருதுவோ பாஷ்தோவோ கேட்கும். கெண்டக்கியின் பண்டத்தை எடுத்து, விலையைக் குறைத்து, மிளகாயைக் கூட்டி, தங்கள் பேட்டைக்கு ஏற்றபடி ஆக்கிவிட்டார்கள். இதை வெறும் நகல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு குடும்பத்தின் உழைப்பில், நள்ளிரவு தாண்டியும் திறந்திருந்து, ஒரு பேட்டைக்கே மலிவாகச் சோறு போட்ட தொழில் அது.

அமெரிக்காவில் குடியேறிகளுக்கு இந்த வழி அதிகம் திறக்கவில்லை என்றே சொல்லலாம். மெக்சிகோக்காரர்களின் டாக்கோ வண்டிகள், கலிபோர்னியாவில் கம்போடியர்களின் டோநட் கடைகள் என்று அருமையான விதிவிலக்குகள் உண்டு. ஆனால் சாலையோரத்தின் நல்ல இடங்கள் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்ததால், பலர் அந்த நிறுவனங்களின் கிளையை எடுத்து நடத்துபவர்களாக உள்ளே போனார்கள். டங்கின் டோநட்ஸ் கிளைகளில் குஜராத்திக் குடும்பங்கள் இப்படித்தான் வந்தன. மெக்டொனால்ட்ஸ் கிளை வேண்டுமென்றால் கடன் வாங்காத சொந்தப் பணமாக 5 லட்சம் டாலராவது காட்ட வேண்டும் என்பது வெகுகாலம் இருந்த நிபந்தனை. அத்தனை பணத்தோடு வருபவர், பட்டியலில் மிளகாயைக் கூட்டும் உரிமையோடு வருவதில்லை.

பகல் சாப்பாட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ் அலுவலக ஊழியரின் மதிய உணவு முக்கோணப் பெட்டியில் அடைத்த சாண்ட்விச். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1980-ல் இப்படி முன்கூட்டியே அடைத்த சாண்ட்விச்சை விற்கத் தொடங்கியது. பூட்ஸ் என்ற மருந்துக்கடைத் தொடர் சில வருடத்தில் அந்த வியாபாரத்துக்குள் வந்தது. மருந்துக் கடையில் போய் மதியச் சாப்பாடு வாங்குவது அந்த ஊரில் சர்வசாதாரணம். சாண்ட்விச், ஒரு பாக்கெட் வறுவல், ஒரு பானம் மூன்றும் சேர்த்து ஒரே விலை என்ற முறை எல்லாப் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. அதை மேசையில், கணினியைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். சோகமான பழக்கம்தான். மதியச் சாப்பாட்டில் அமெரிக்கரைவிட பிரிட்டிஷ்காரர் நிதானமானவர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தக் குளிர்ந்த சாண்ட்விச்சுக்கு இவ்வளவு மவுசு வந்ததில் வரிக்கும் பங்கு உண்டு. பிரிட்டனில் சாண்ட்விச் போன்ற ஆறிய உணவைப் பார்சல் வாங்கினால் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. சூடான பார்சலுக்கு 1984 முதல் வரி உண்டு. இப்போது 20 சதவீதம். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் சூடோ ஆறியதோ எல்லாவற்றுக்கும் 20 சதவீதம். “இங்கேயே சாப்பிடுகிறீர்களா, பார்சலா?” என்று கவுண்டரில் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல, பில்லில் எந்த வரியைப் போடுவது என்பதற்காகவும்தான். 2012 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், அடுப்பிலிருந்து இறக்கிய பேஸ்ட்ரிக்கும் வரி என்று அறிவித்தார். நாடே கொந்தளித்தது. மே மாதத்துக்குள் பின்வாங்கினார்: சூடு காத்து விற்றால் வரி, தானாக ஆறிக்கொண்டிருந்தால் வரி இல்லை. நியூகாசிலில் பிறந்து இன்று நாடெங்கும் 2,500 கடைகளுக்கு மேல் வைத்திருக்கும் கிரெக்ஸ் பேக்கரியில் சாசேஜ் ரோல் என்ற இறைச்சி பேஸ்ட்ரியை இறக்கி வெறும் அலமாரியில் வைப்பது இதனால்தான். அடுப்பு இறங்கும் நேரத்தில் போனால் சுடச்சுடக் கிடைக்கும், அரைமணி தாமதித்தால் ஆறிப்போய் இருக்கும். கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை.

அமெரிக்காவிலும் இதே மாதிரிக் கூத்து உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பேகல் என்ற வளைய ரொட்டியை முழுதாகப் பார்சல் வாங்கினால் விற்பனை வரி இல்லை. கத்தியால் இரண்டாகப் பிளந்து கொடுத்தால் வரி உண்டு. அங்கே பலகையில் எழுதியிருக்கும் விலையில் வரி சேராது என்பதும் புதிதாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. பிரிட்டனில் எழுதியதுதான் கொடுக்க வேண்டிய விலை. மேசையில் பரிமாறும் உணவகம் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து அது உயரவே இல்லை. பல மாநிலங்கள் அதைவிடக் கூட்டித் தருகின்றன என்பது உண்மை. மிச்ச இடங்களில் நீங்கள் வைக்கும் 18, 20 சதவீத டிப்ஸ்தான் அவர் சம்பளம். பிரிட்டனில் டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலிக்குள் கணக்குக் காட்ட முடியாது. அதனால் அங்கே 10 சதவீதம் வைத்துவிட்டு மனம் உறுத்தாமல் வரலாம். அமெரிக்காவில் அப்படிச் செய்வது நியாயமாகாது.

ஒரே நிறுவனத்தின் ஒரே பண்டம்கூட இரு நாட்டிலும் ஒன்றல்ல. மெக்டொனால்ட்ஸின் பிரெஞ்ச் ஃப்ரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அது முன்பு மாட்டுக் கொழுப்பில் பொரித்தது. கொழுப்புக்கு எதிரான பிரச்சாரம் வலுத்து, 1990-ல் தாவர எண்ணெய்க்கு மாறினார்கள். பழைய ருசி போய்விடக் கூடாதென்று மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டியைச் சேர்த்துக்கொண்டார்கள். தாவர எண்ணெய் என்ற அறிவிப்பை நம்பிப் பல இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வருடக்கணக்கில் அதைச் சாப்பிட்டார்கள். 2001-ல் சியாட்டிலில் ஹரீஷ் பார்தி என்ற வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 2002-ல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து அமைப்புகள், சைவ உணவு அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சுவையூட்டி மட்டும் போகவில்லை. அமெரிக்காவில் இன்றும் அந்த ஃப்ரைஸ் சைவம் இல்லை. பிரிட்டனில் அதே பெயரில் விற்கும் ஃப்ரைஸில் அந்தச் சேர்க்கை கிடையாது, அது சைவம்தான். ஆனால் இதை வைத்து பிரிட்டனில் எந்த சிப்ஸும் பரவாயில்லை என்று எண்ணிவிடக் கூடாது. யார்க்‌ஷயர் பக்கம் நல்ல சிப்ஸ் கடை என்றாலே மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் பெருமை. கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் தவறாக நினைக்கமாட்டார்கள், எண்ணெய் எதுவென்று நேராகச் சொல்வார்கள்.

பொதுவாகவே சைவம் சாப்பிடுபவருக்கு பிரிட்டிஷ் கடைத்தெரு கொஞ்சம் இளகியது. கிரெக்ஸ் 2019 ஜனவரியில் கொண்டுவந்த இறைச்சியில்லாத ரோல் சக்கைப்போடு போட்டது. மெக்டொனால்ட்ஸ் தன் சைவ பர்கரை 2022-ல் பிரிட்டன் முழுக்க விற்றது. அமெரிக்காவில் சில நூறு கடைகளில் சோதித்துப் பார்த்துக் கைவிட்டது.

பானங்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிரிட்டிஷ் ஃபான்டா வெளிறிய மஞ்சள். அதில் கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு உண்டு. அமெரிக்க ஃபான்டா அடர் ஆரஞ்சு. நிறம் செயற்கைச் சாயத்திலிருந்து வருகிறது, இனிப்பு சோளச் சர்க்கரைப் பாகிலிருந்து. அமெரிக்கா வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரம்பு போட்டு உள்ளூர் விலையை ஏற்றி வைத்தது, சோளமோ அங்கே மலிவாகக் கொட்டிக் கிடந்தது. 1984 வாக்கில் கோக்கும் பெப்சியும் சோளப் பாகுக்கு மாறிவிட்டன. சாய விஷயத்தில் 2007-ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு முக்கியமானது. சில சாயங்கள் குழந்தைகளின் துறுதுறுப்பைக் கூட்டுவதாக அது சொன்னதும், ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் மீது எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. அந்த வாசகத்தோடு குழந்தைகளுக்குப் பானம் விற்க எந்த நிறுவனம் விரும்பும்? தடை செய்யாமலே சாயம் வெளியேறிவிட்டது.

2018 ஏப்ரலில் பிரிட்டன் சர்க்கரை பானங்களுக்குத் தீர்வை போட்டது. அப்போதைய கணக்குப்படி நூறு மில்லிக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 24 பென்ஸ். கோக் தன் அசல் கலவையை மாற்றாமல் தீர்வையைக் கட்டியது. மற்றவை பெரும்பாலும் 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. ஸ்காட்லாந்தின் செல்லப் பானமான இர்ன்-ப்ரூ சர்க்கரையைப் பாதிக்கு மேல் குறைத்தபோது, பழைய புட்டிகளை மக்கள் வீட்டில் பதுக்கி வைத்தார்கள். அமெரிக்காவிலோ இப்படி நாடு தழுவிய வரிக்கு வழியே பிறக்கவில்லை. பெர்க்லி, பிலடெல்பியா போன்ற நகரங்கள் தனியாகப் போட்டன. உடனே பான நிறுவனங்கள் களத்தில் இறங்க, 2018-ல் கலிபோர்னியா சட்டமன்றம் புதிதாக எந்த ஊரும் அந்த வரியைப் போடக் கூடாதென்று 2030 வரைக்குமாகச் சட்டம் போட்டது. நியூயார்க் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 2012-ல் பெரிய கோப்பைகளுக்கு 16 அவுன்ஸ் (ஏறக்குறைய 470 மில்லி) வரம்பு வைக்கப் பார்த்தார். 2014-ல் மாநிலத்தின் தலைமை மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. மெக்டொனால்ட்ஸின் பெரிய கோப்பை அமெரிக்காவில் ஏறக்குறைய 890 மில்லி, பிரிட்டனில் அரை லிட்டர். அமெரிக்காவில் பல கடைகளில் காலியான கோப்பையை இலவசமாக நிரப்பிக்கொண்டே இருக்கலாம். இங்கிலாந்தில் சர்க்கரை பானங்களுக்கு அந்த இலவசத்தை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு பிரிட்டன் ஆரோக்கியமான நாடு என்று முடிவு கட்டினால் தவறு. அமெரிக்கப் பெரியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு உடல் பருமன் என்றால், இங்கிலாந்தில் நான்கில் ஒருவருக்கும் மேல். மேற்கு ஐரோப்பாவில் அது மேல்வரிசை. பட்டியலில் கலோரி போடும் விஷயத்தில் அமெரிக்காதான் முந்தியது. நியூயார்க் 2008-லும் நாடு முழுக்க 2018-லும் கட்டாயமாக்கின, இங்கிலாந்து 2022-ல்தான். புதுக் கடைகளைத் தடுக்கும் திட்டங்களும் இரு பக்கமும் உண்டு. தெற்கு லாஸ் ஏஞ்சலஸ் 2008-ல் தனிக்கட்டடத் துரித உணவகங்களுக்குத் தடை போட்டது. சில வருடம் கழித்து ஆராய்ந்தவர்கள், அதனால் பருமன் குறையவில்லை என்று கண்டார்கள். ஏற்கெனவே இருந்த கடைகள் அங்கேயே இருந்தன, கார்களும் இருந்தன. லண்டனில் பள்ளிகளிலிருந்து 400 மீட்டருக்குள் புது பார்சல் கடைகளுக்கு அனுமதி இல்லை என்று திட்ட விதி இருக்கிறது. நடந்துபோகும் பிள்ளைகள் இருக்கும் ஊரில் அந்த 400 மீட்டருக்கு அர்த்தம் உண்டு என்பதால், இது கொஞ்சமாவது பலிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கடை எங்கே இருக்கிறது என்பதையே பொருட்டில்லாமல் ஆக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. வங்கி வேலைக்காக அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்த வில் ஷூ, இரவில் நல்ல சாப்பாடு வீட்டுக்கு வர வழியில்லை என்று கண்டு 2013-ல் டெலிவரூ என்ற உணவு விநியோக நிறுவனத்தைத் தொடங்கினார். அதே வருடம் கலிபோர்னியாவில் அதேபோன்ற டோர்டாஷ் பிறந்தது. 2025-ல் டோர்டாஷ் டெலிவரூவை வாங்கிவிட்டது. லண்டன் தெருக்களில் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போகும் சாப்பாடு, அமெரிக்கப் புறநகரில் காரிலேயே போகிறது; பழைய வித்தியாசம் அந்த அளவுக்கு மிச்சமிருக்கிறது. கொண்டுபோய்க் கொடுப்பவரின் நிலை மட்டும் இரு பக்கமும் ஒன்றாகிவிட்டது. கலிபோர்னியாவில் 2020-ல் நடந்த வாக்கெடுப்பு அவர்களைச் சுயதொழில் செய்பவர்களாகவே வைத்தது. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில், டெலிவரூ ஓட்டுநர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே வேலையாள் உறவு இல்லை, கூட்டுப் பேரத்துக்குத் தொழிற்சங்கம் உரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. சுயதொழில் என்ற இந்த வகைப்பாடு அங்கே படிக்கப்போகும் நம் பிள்ளைகளையும் தொடுகிறது: பிரிட்டிஷ் மாணவர் விசாவில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், சுயதொழில் செய்யக் கூடாது. நண்பரின் கணக்கில் ஒரு மாலை நேரம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது விசா விதியை மீறியதாகிவிடும்.